மலைக்கு அடியில் வெடித்த குண்டு வெளியே தெரிவது எப்படி?

2017 செப்டம்பர் 3, நம் நேரப்படி காலை 9 மணி. வட கொரியாவின் வடகிழக்கில் புங்யே-ரி என்ற இடத்தில், மாந்தாப் மலைக்கு அடியில் தோண்டிய சுரங்கத்தில் ஓர் அணுகுண்டு வெடிக்கிறது. சுரங்கத்தின் வாயை அடைத்தாயிற்று, வெளியாள் எவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் முடியாது. ஆனாலும் ஒருசில மணி நேரத்துக்குள், அது எங்கே நடந்தது, எத்தனை மணிக்கு நடந்தது, ஏறக்குறைய எவ்வளவு பெரியது, அது இயற்கையான நிலநடுக்கமாக இருக்க வாய்ப்பு உண்டா என்பதெல்லாம் வியன்னாவில் இருக்கும் ஓர் அலுவலகத்துக்குத் தெரிந்துவிட்டது.

விரிவான அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்கான அமைப்பு அது. அந்த ஒப்பந்தம் 1996-ல் கையெழுத்துக்கு வந்தது, 187 நாடுகள் கையெழுத்தும் போட்டுவிட்டன, ஆனால் சட்டப்படி இன்னும் அமலுக்கு வரவில்லை. அணு உலைகள் வைத்திருந்த 44 நாடுகளைப் பட்டியல் போட்டு, அத்தனையும் ஏற்புறுதி (கையெழுத்துக்குப் பின் நாட்டளவில் சட்டப்படி ஒப்புதல்) செய்தால்தான் அமலாகும் என்று விதி எழுதி வைத்தார்கள். இந்தியா, பாகிஸ்தான், வட கொரியா மூன்றும் கையெழுத்தே போடவில்லை. அமெரிக்கா, சீனா, இஸ்ரேல், ஈரான், எகிப்து கையெழுத்தோடு நின்றுவிட்டன, ரஷ்யா கொடுத்த ஏற்புறுதியை 2023-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒப்பந்தம் இப்படிக் கிடக்க, கண்காணிப்பு மட்டும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. அணு ஆயுதத் தடை பற்றிய பேச்சில் எல்லோரும் தலைவர்களையும் மாநாடுகளையும் பற்றியே பேசுகிறோம். ஆனால் எதைத் தடை செய்ய முடியும் என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது, மீறினால் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்விதான்.

வரலாறே அதற்குச் சாட்சி. 1954 மார்ச் 1 அன்று மார்ஷல் தீவுகளில் அமெரிக்கா வெடித்த 15 மெகாடன் (ஒன்றரைக் கோடி டன் வெடிமருந்துக்குச் சமமான) குண்டின் சாம்பல், கடலில் இருந்த ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் கொட்டியது. 23 மீனவர்களும் கதிர்வீச்சில் நோயுற்றார்கள், படகின் வானொலிக் கருவியை இயக்கிய குபோயாமா அதே ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார். அந்த ஏப்ரலில், சோதனைகளை உடனே நிறுத்தி வையுங்கள் என்று மக்களவையில் நின்று கேட்டவர் நேரு. 1963-ல் காற்றிலும் கடலிலும் விண்வெளியிலும் சோதிக்கத் தடை வந்தது. நிலத்தடிக்கு மட்டும் வரவில்லை, ஏனென்றால் அங்கே வெடித்ததா, பூமி நடுங்கியதா என்று தூரத்திலிருந்து உறுதியாகச் சொல்ல அன்று வழி போதவில்லை. சந்தேகம் வந்தால் நேரில் வந்து பார்க்க ஆண்டுக்கு எத்தனை தடவை அனுமதிப்பது என்று பேரம் நடந்தது. சோவியத் தரப்பு மூன்றுக்கு மேல் வரமாட்டேன் என்றது, அமெரிக்கா ஏழுக்குக் கீழே இறங்கமாட்டேன் என்றது. மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவே சிக்கி ஒரு முழுத் தடை கைநழுவிப் போனது, அடுத்த முப்பது ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான குண்டுகள் மண்ணுக்கு அடியில் வெடித்தன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, இன்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? உலகம் முழுக்க 337 நிலையங்களும் ஆய்வகங்களும் கொண்ட ஒரு வலையமைப்பு திட்டமிடப்பட்டு, பெரும்பகுதி கட்டி முடிந்துவிட்டது. அதில் 170 நிலநடுக்க நிலையங்கள். நிலநடுக்கம் என்றால் இரண்டு பாறைப் பலகைகள் ஒன்றையொன்று உரசிச் சறுக்குவது. அப்போது ஒரு திசையில் உள்ள நிலையத்தில் முதல் அசைவு வெளித்தள்ளலாகவும், இன்னொரு திசையில் உள்ளிழுப்பாகவும் பதிவாகும், பக்கவாட்டில் உலுக்கும் எஸ் அலைகளும் பலமாக இருக்கும். குண்டு அப்படியில்லை. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தள்ளும், அதனால் எந்தத் திசையில் பார்த்தாலும் முதல் அசைவு வெளித்தள்ளல்தான். முதலில் வந்து சேரும் பி அலைகள் ஓங்கியும் எஸ் அலைகள் அடங்கியும் இருக்கும். ஆழமும் காட்டிக்கொடுக்கும், பத்து இருபது கிலோமீட்டர் ஆழத்தில் கொண்டுபோய் யாரும் குண்டு வைக்க முடியாது.

2017 செப்டம்பர் வெடிப்பு ரிக்டர் கணக்கில் 6.1 என்று வியன்னா மதிப்பிட்டது. ஹிரோஷிமா குண்டு சுமார் 15 கிலோடன், அதாவது 15,000 டன் வெடிமருந்துக்குச் சமம். புங்யே-ரியில் வெடித்ததை 100-லிருந்து 250 கிலோடன் வரை பலவிதமாகச் சொல்கிறார்கள், சுற்றியுள்ள பாறை எவ்வளவு கெட்டி என்று தெரியாமல் கணக்குத் துல்லியமாக வராது. எட்டரை நிமிடம் கழித்து அதே இடத்தில் இன்னொரு சிறிய அதிர்வு வந்தது. அதன் அலை வடிவம் தலைகீழ், வெளியே தள்ளாமல் உள்ளே இழுத்திருந்தது. குண்டு குடைந்த பொந்து இடிந்து விழுந்திருக்கிறது! செயற்கைக்கோள் ரேடார் படங்களை ஒப்பிட்டபோது, மலையின் சரிவு சில மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்திருந்ததும் தெரிந்தது.

ஆனால் அதிர்வை வைத்து ‘வெடிப்பு’ என்று சொல்லலாமே தவிர, ‘அணு வெடிப்பு’ என்று சொல்ல முடியாது. டன் கணக்கில் வெடிமருந்தைக் குவித்து வெடித்தாலும் பூமி அதே மாதிரிதான் ஆடும். அதற்குத்தான் செனான். யுரேனியமோ புளுட்டோனியமோ பிளக்கும்போது உண்டாகும் இந்த வாயு எதனுடனும் ஒட்டாது, மழையில் கரைந்து இறங்காது, பாறை விரிசல் வழியாக மெல்லக் கசியும். கதவைச் சாத்திக்கொண்டு கருவாடு வறுத்தாலும் வாசனை தெருவுக்கு வந்துவிடுகிற மாதிரிதான். நிலையத்தில் காற்றை இழுத்து, ஈரத்தையும் கரியமில வாயுவையும் நீக்கி, செனானைக் கரித்தூளில் பிடித்து, பிறகு சூடாக்கி வெளியேற்றி எண்ணுகிறார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் 17 நிமிடத்துக்கு ஒரே ஓர் அணு சிதைந்தால்கூடக் கண்டுகொள்ளும் அளவுக்கு நுட்பமான கருவி அது.

வட கொரியாவின் 2013 பிப்ரவரி 12 சோதனையின்போது பல வாரம் ஒன்றும் சிக்கவில்லை, இனி வராது என்றே பலரும் நினைத்திருப்பார்கள். ஏப்ரலில், 55 நாள் கழித்து, சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஜப்பானின் தகாசாகி நிலையத்தில் செனான் வந்து சேர்ந்தது. அது அந்தக் குண்டிலிருந்து வந்ததுதான் என்று எப்படிச் சொல்வது? அணு உலைகளும், மருத்துவமனைகளுக்கான ஐசோடோப்புகளைத் தயாரிக்கும் ஆலைகளும்கூட செனானை வெளியிடுகின்றன. இங்கே உதவியது இரண்டு வகைச் செனானின் விகிதம். செனான்-133 ஐந்தே கால் நாளில் பாதியாகும், செனான்-131எம் பாதியாகப் பன்னிரண்டு நாள் ஆகும். முதலாவது வேகமாகக் கரைய, இரண்டாவதன் பங்கு நாளுக்கு நாள் ஏறும். அந்த விகிதத்தைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், பிளவு நடந்து 50 நாளுக்கு மேல் ஆகிறது என்று வந்தது. காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்று கணினியில் பின்னோட்டிப் பார்த்ததும் புங்யே-ரியோடு பொருந்தியது. அதற்குள் செனான்-133-ல் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை என்பதை நினைத்தால், இந்த வேலையைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

கடலுக்குள் ஒலி கேட்க 11 நிலையங்கள், காதுக்கு எட்டாத தாழ் ஒலியைப் பிடிக்க 60. 2017 நவம்பரில் காணாமல்போன அர்ஜென்டினாவின் சான் ஹுவான் நீர்மூழ்கி எந்தப் பகுதியில் அழிந்தது என்று துப்புக் கொடுத்தவை இந்தக் கடல் நிலையங்கள்தான். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா நிலநடுக்கத்தையும் இந்த வலையமைப்பு பதிவு செய்தது. ஆனால் அந்தத் தகவலை உடனுக்குடன் சுனாமி எச்சரிக்கை மையங்களுக்குக் கொடுக்கும் ஏற்பாடு அன்று இல்லை. நாகப்பட்டினத்திலும் முல்லைத்தீவிலும் நடந்ததைப் பார்த்த பிறகுதான் அந்த ஏற்பாடு தொடங்கியது.

குறையும் உண்டு. 1998 மே 11 பொக்ரான் சோதனையை உலகமே பதிவு செய்தது. மே 13 அன்று ஒரு கிலோடனுக்கும் குறைந்த இரண்டை வெடித்ததாக இந்தியா அறிவித்தது, வெளிநாட்டு நிலையங்களில் அதற்குத் தெளிவான தடயமே இல்லை. வலையமைப்பு அன்று கட்டி முடிந்திருக்கவில்லை என்றாலும், மிகச் சிறிய வெடிப்பு, அதுவும் தளர்ந்த வறண்ட மண்ணில் என்றால், இன்றும் சிரமம்தான். வல்லரசுகள் தங்கள் குண்டுகளைக் கைவிடக் காலக்கெடு சொல்லாத ஒப்பந்தம் இது என்ற இந்தியாவின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும், முதலில் நிறுத்தச் சொன்ன நாடு இன்று வெளியே நிற்பது எனக்கு உறுத்துகிறது.

இப்படிச் சந்தேகம் தீராத சிறிய வெடிப்புகளுக்குத்தான் நேரில் சோதிக்கும் வழியை ஒப்பந்தம் வைத்திருக்கிறது. செயற்குழுவின் 51 நாடுகளில் 30 சம்மதித்தால், ஆய்வுக் குழு கோரிக்கை வந்த ஆறு நாளுக்குள் அந்த நாட்டில் இறங்கி, 1,000 சதுர கிலோமீட்டர் வரை தேடலாம். முக்கியமாக அவர்கள் தேடுவது ஆர்கான்-37. வெடிப்பின் நியூட்ரான்கள் மண்ணிலுள்ள கால்சியத்தில் மோதினால் உண்டாகும் வாயு, 35 நாளில் பாதியாகிவிடும், ஆகவே சீக்கிரம் போனால்தான் பயன். 2014-ல் ஜோர்டானில் சாக்கடல் கரையோரம் முழு ஒத்திகையும் பார்த்துவிட்டார்கள். கருவிகள் தயார், ஆட்களும் தயார். ஆனால் ஒப்பந்தம் அமலுக்கு வரும்வரை எந்த நாட்டுக்குள்ளும் இந்தச் சோதனைக்காகக் கால் வைக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. அமலாக வேண்டுமானால் இன்னும் ஒன்பது நாடுகள் ஏற்புறுதி செய்ய வேண்டும்.