சம்பளம் நின்ற ஊரில் பணம் எப்படி வற்றுகிறது?

2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் அதிகமாகத் தங்கம் கொடுத்த நிலம் அது. அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்கடியில் மூன்று கிலோமீட்டரையும் தாண்டி இறங்கியது. இந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் தருவதற்காகவே 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீர்மின் நிலையம் எழுந்தது. பெங்களூரின் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான்.

மூடும்போது மத்திய அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தில் மூவாயிரத்துச் சொச்சம் பேர் வேலையில் இருந்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு போன்ற தமிழ் மாவட்டங்களிலிருந்து சில தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஊரில் வாழ்ந்தவர்களோ ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர். அவ்வளவு பெரிய ஊரில் மூவாயிரம் வேலைகள் போவதைத் தாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் ஊர் தாங்கவில்லை. இதற்கான காரணத்தைப் பொருளாதார அறிவியல் நன்றாகவே விளக்குகிறது.

ஒரு சுரங்கத் தொழிலாளிக்கு மாதம் 30,000 ரூபாய் சம்பளம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்கு நாற்பது ரூபாய் உள்ளூர்க்காரர்களின் வருமானமாக மாறுவதாகவும் கொள்வோம். மளிகைக் கடைக்காரரின் லாபம், தையல்காரரின் கூலி, ஆட்டோ ஓட்டுநரின் வாடகை, டியூஷன் ஆசிரியையின் கட்டணம் எல்லாம் சேர்ந்து 12,000 ரூபாய். அதைப் பெற்றவர்களும் அதே விகிதத்தில் செலவழித்தால் அடுத்த சுற்றில் 4,800, அதற்கடுத்து 1,920 என்று தொகை சிறுத்துக்கொண்டே போகும். முதல் 30,000 ரூபாயையும் சேர்த்து எல்லாச் சுற்றுகளையும் கூட்டினால் 50,000 வரும். ஆக, ஒரு சம்பளம் நின்றால் ஊர் இழப்பது 30,000 அல்ல, 50,000. இதற்குப் பெருக்கி என்று பெயர். 1931இல் கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் ரிச்சர்ட் கான், அரசு கொடுக்கும் வேலைகள் வேறு வேலைகளை எப்படிப் பிறப்பிக்கின்றன என்று காட்டுவதற்காக இந்தக் கணக்கைப் போட்டார். வேலையை வெட்டும்போது அதே கணக்கு தலைகீழாக ஓடுகிறது.

மீதி அறுபது ரூபாய் ஊரை விட்டு வெளியேறிவிடும். சோப்பும் மருந்தும் துணியும் செய்பவர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள். வரியும் சேமிப்பும்கூட வெளியேதான் போகின்றன. இதைக் கசிவு என்கிறோம். சிறிய ஊரில் கசிவு அதிகம், எனவே பெருக்கி சிறியது. அப்படியானால் வேலைவெட்டு பெருநகரத்தைவிடச் சிற்றூரைக் குறைவாகத்தானே பாதிக்க வேண்டும்? இங்கேதான் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். ஊருக்குள் வரும் பணத்தின் பெரும்பகுதி ஒரே வாசல் வழியாக வருமானால், பெருக்கி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அந்த வாசல் அடைபடும்போது உள்ளே சுற்றுவதற்கே பணம் இருக்காது. பெங்களூரில் ஒரு நிறுவனம் மூடினால் தொழிலாளி அடுத்த தெருவில் வேலை தேடலாம். தங்கவயலில் 1960களில் தொடங்கிய, மண் அகழும் கனரக இயந்திரங்கள் செய்யும் பி.இ.எம்.எல். தொழிற்சாலையைத் தவிர, அந்த அளவுக்கு ஆட்களை எடுத்துக்கொள்ளக்கூடிய இடம் இல்லை.

அடி விழுவது மூடும் நாளில் மட்டும் என்று எண்ணுவதும் பிழை. அரசுச் சம்பளத்தின் உண்மையான பலம் அதன் தொகையைவிட அதன் நிச்சயத்தில் இருக்கிறது. முதல் தேதி பணம் வரும் என்ற நம்பிக்கையில் மளிகைக் கடைக்காரர் கணக்கெழுதிக் கடன் கொடுக்கிறார், சீட்டு நடக்கிறது, மகள் கல்யாணத்துக்குக் கடன் கிடைக்கிறது. வேலை போகலாம் என்ற பேச்சு எழுந்ததுமே அந்த நம்பிக்கை ஆட்டம் காணும். இன்னும் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பவர்களே செலவைச் சுருக்குவார்கள், கடன் கொடுப்பவர்கள் கையை இழுத்துக்கொள்வார்கள். தங்கவயல் நிறுவனம் 1992இலேயே நலிந்த நிறுவனங்களுக்கான வாரியத்தின் முன் நின்றது. ஒன்பது ஆண்டுகள் மூடுவார்களா, மாட்டார்களா என்ற அச்சத்திலேயே கழிந்தன. அதன்பின் வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றன.

வேலை போனால் மக்கள் வேலை இருக்கும் ஊருக்குக் குடிபெயர்வார்கள் என்று பாடநூல்கள் சொல்லும். சிலர் பெயர்கிறார்கள், அதிலும் படித்த இளைஞர்களே முதலில் போகிறார்கள். மற்றவர்களை நிறுத்தி வைப்பது வீடு. எட்வர்ட் கிளேசர், ஜோசப் ஜியோர்கோ என்ற இரு பொருளியலாளர்கள் 2005இல் இதை ஆராய்ந்தார்கள். வேலை போய்விடலாம், கட்டிய வீடு அங்கேயே நிற்கும். அதன் விலை விழும். அந்த விலைக்கு விற்றால் வேறு நகரத்தில் ஓர் அறைகூட வாங்க முடியாது, ஆகவே வருமானம் குறைந்தவர்கள் இருந்த இடத்திலேயே தங்கிவிடுகிறார்கள். தங்கவயலின் ‘லைன்’ வீடுகள், அதாவது வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்புகள், சுரங்கம் மூடியபோது தொழிலாளிக்குச் சொந்தம்கூட இல்லை, நிறுவனத்துடையவை. விற்றுவிட்டுக் கிளம்பவும் வழியில்லை, விட்டுவிட்டுப் போனால் கையில் இருக்கும் ஒரே கூரையும் போய்விடும். மருத்துவமனையையும் அந்த நிறுவனமே நடத்தியது. ஒரே முதலாளியை நம்பி வளர்ந்த ஊரில் சம்பளத்தோடு இவையும் சேர்ந்து அறுந்துபோகின்றன.

அரசுத் தரப்புக்கும் நியாயம் உண்டு. தாதுவில் தங்கம் குறைந்துகொண்டே வந்தது, ஆழம் கூடக்கூடச் செலவு ஏறியது. எடுத்த தங்கத்தின் மதிப்பைவிட எடுக்கும் செலவு அதிகமானது. அரசு வேலை தனியார் வேலையை ஓரளவு நெருக்கித் தள்ளுகிறது என்பதற்கும் சான்று இருக்கிறது. ஜூலியா ஃபாஜியோ, ஹென்றி ஓவர்மேன் இருவரும் இங்கிலாந்தின் 2003–2007 தரவுகளை ஆராய்ந்தார்கள். ஒரு வட்டாரத்தில் 10 அரசு வேலைகள் கூடும்போது கட்டுமானத்திலும் சேவைகளிலும் சுமார் 5 வேலைகள் கூடின, உற்பத்தித் துறையில் சுமார் 4 குறைந்தன. அரசு வேலையைக் குறைத்தால் தனியார் துறை அந்த ஆட்களை எடுத்துக்கொள்ளும் என்ற வாதத்துக்கு இது ஓரளவு துணை செய்யும். எடுத்துக்கொள்ள அங்கே ஒரு தொழில் இருந்தால்தான் அது நடக்கும். துளைப்பொறியோடும் வெடிமருந்தோடும் வாழ்க்கையைக் கழித்த ஐம்பது வயதுக்காரரிடம் ‘சந்தை பார்த்துக்கொள்ளும்’ என்று சொல்வது எனக்குக் கொடுமையாகவே படுகிறது.

இதைவிடப் பெரிய வெட்டைத் தாங்கிய நகரமும் இருக்கிறது. 1991 ஜூன் 20 அன்று ஜெர்மனியின் நாடாளுமன்றம், அரசின் தலைமையிடத்தைப் பான் நகரிலிருந்து பெர்லினுக்கு மாற்ற 338க்கு 320 என்ற வாக்கில் முடிவெடுத்தது. இடமாற்றம் நடந்தது 1999இல். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சில அமைச்சகங்கள் பானிலேயே தங்கின, ஏறத்தாழ 140 கோடி யூரோ ஈட்டுத்தொகை ஒதுக்கப்பட்டது, ஐக்கிய நாடுகள் சபையின் அலுவலகங்கள் வந்து சேர்ந்தன. அரசிடமிருந்து பிரிந்த தொலைத்தொடர்பு, அஞ்சல் நிறுவனங்களும் அங்கேயே தலைமையகம் அமைத்தன. நகரம் சுருங்கவில்லை. பணக்கார நாடு, அருகிலேயே கொலோன் என்ற பெருநகரம் ஆகியவையும் அதற்கு உதவின. ஆயினும் பழைய வாசல் மூடுவதற்கு முன்பே புதிய வாசல்கள் திறந்திருந்தன என்பதை மறுக்க முடியாது.

தங்கவயலுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. சுரங்கத் தொழிலாளிக்கு ஒரு தொகுப்பு நிதி அறிவிக்கப்பட்டது. பெருக்கியின் இரண்டாம், மூன்றாம் சுற்றுகளில் வருமானம் இழந்த தையல்காரரும் டீக்கடைக்காரரும் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஊரை ஓரளவு பிழைக்க வைத்தது தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூர் செல்லும் ரயில்தான். ஆயிரக்கணக்கானோர் விடியலில் ஏறி, சுமார் நூறு கிலோமீட்டர் தாண்டி வேலை பார்த்துவிட்டு இரவில் திரும்புகிறார்கள். அந்தச் சம்பளத்தில் மதியச் சாப்பாடும் சில்லறைச் செலவும் பெங்களூரிலேயே தீர்ந்துவிடும். ஊருக்கு வந்து சேரும் பணம் குறைவு, செலவழிக்க ஊரில் இருக்கும் நேரமும் குறைவு. ஆகவே இன்று பெங்களூரில் சம்பாதிக்கும் 30,000 ரூபாய், அன்று சுரங்கத்தில் சம்பாதித்த அதே மதிப்புள்ள தொகை அளவுக்கு தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைக் கடைகளுக்கு வருமானம் தருவதில்லை.