ஆந்தைக்குப் பகலில் கண் தெரியும், தூக்கிக்கொண்டு வராதீர்கள்

இந்த வாரமும் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே இரண்டு புள்ளி ஆந்தைக் குஞ்சுகள். "பகல்ல கண்ணு தெரியாம மரத்தடியில உட்கார்ந்திருந்துச்சு டாக்டர், பாவமா இருந்துச்சு" என்றார் கொண்டு வந்தவர். போதாததற்குப் பால் வேறு புகட்டியிருக்கிறார். அது மூச்சுக்குழாய்க்குள் போய், ஒரு குஞ்சு வாயைத் திறந்து திணறிக்கொண்டிருந்தது. பெட்டியில் ஏறும்வரை அதற்கு எந்த நோயும் இல்லை.

ஆந்தைக்குப் பகலில் கண் தெரியும். நன்றாகவே தெரியும். வெளிச்சம் கூடினால் நமக்குச் சுருங்குவது போலவே அதன் கண்மணியும் சுருங்கும், அவ்வளவுதான். புள்ளி ஆந்தை பட்டப்பகலில் பொந்து வாசலில் வெயில் காயும், நீங்கள் கிட்டே போனால் தலையை மேலும் கீழும் ஆட்டி உங்களை உற்றுப் பார்க்கும், கண் தெரியாத பறவை ஏன் அப்படிப் பார்க்க வேண்டும்? கண்ணை இடுக்கிக்கொண்டு மரப்பட்டையோடு ஒட்டி அசையாமல் இருப்பது ஒளிந்துகொள்ளத்தான், ஏனென்றால் காக்கை கண்டுவிட்டால் ஊரையே கூட்டித் துரத்தும். கண் உள்ளே சுழலாது என்பதால்தான் கழுத்தை 270 பாகை வரை திருப்புகிறது. அதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

குஞ்சு தரையில் கிடந்தால் மேலே பாருங்கள், பொந்து அங்கேதான் இருக்கும். துணியால் பிடித்துத் திரும்ப வைத்துவிடுங்கள். எட்டாத உயரமென்றால் துளையிட்ட கூடையில் வைத்து அதே மரத்தில் கட்டுங்கள், இருட்டியதும் தாய் வந்து இரை கொடுக்கும். மனித வாடை பட்டால் ஒதுக்கிவிடும் என்பதெல்லாம் கதை. ஒன்று பெரிதாகவும் ஒன்று பொடியாகவும் இருக்கிறதே என்று பதறவும் வேண்டாம், முதல் முட்டையிலிருந்தே அடைகாப்பதால் குஞ்சுகள் முன்னும் பின்னுமாகத்தான் பொரியும். கூகை என்ற வெள்ளை முக ஆந்தையின் குஞ்சு புஸ்ஸென்று சீறினாலும் அது நோயில்லை, உங்களைப் போகச் சொல்கிறது.

இறக்கை தொங்கினாலோ, ரத்தம் வந்தாலோ, மாஞ்சா நூல் சுற்றியிருந்தாலோ மட்டும் எடுங்கள். காற்றுத்துளை போட்ட பெட்டி, இருட்டு, வனத்துறைக்கு ஒரு போன். பால், சோறு, தண்ணீர் எதுவும் வாயில் வைக்காதீர்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அப்புறம், கோபுரத் திருப்பணி செய்பவர்களுக்கும் பட்ட தென்னையை வெட்டுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புள்ளி ஆந்தையும் கூகையும் மரத்தில் கூடு கட்டாது, கிடைத்த பொந்தில்தான் முட்டையிடும். சிமெண்ட் பூசும் முன்னால், கோடாலி வைக்கும் முன்னால், டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். குஞ்சு இருந்தால் அது பறக்கும்வரை அந்த ஒரு பொந்தை மட்டும் விட்டுவையுங்கள், கூகைக்குக்கூட இரண்டு மாதத்துக்குச் சற்று மேல்தான் ஆகும்.