வாங்கிய தேனைச் சோதிக்கச் சொல்வது உங்கள் உரிமை

தண்ணீர் டம்ளரில் ஒரு சொட்டு விடுவது, தீக்குச்சியில் தடவிப் பற்றவைப்பது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது: இவை எதுவும் தேனின் தரத்தைச் சொல்லாது. கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் டம்ளரின் அடியில் போய்த்தான் உட்காரும். உறைந்துவிட்டதே என்று நல்ல தேனைக் கீழே கொட்டுகிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. நல்ல தேனும் உறையும்.

சந்தேகம் வந்தால் சட்டத்தில் வழி இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006, பிரிவு 40. கடையில் வாங்கும் எந்த உணவுப் பொருளையும், கட்டணம் செலுத்தி, அரசின் உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்து அறிக்கை பெறலாம். ஒரே நிபந்தனை, சோதனைக்குத்தான் வாங்குகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். தேன் விதிக்கு ஒத்துவரவில்லை என்று அறிக்கை வந்தால் சோதனைக்குக் கட்டின பணம் திரும்பக் கிடைக்கும். அறிக்கை நேராக உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலருக்குப் போகும், வழக்கு நடவடிக்கை அவர் பொறுப்பு. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, சேலம், தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் உள்ளன.

பணம் கட்ட விருப்பமில்லை என்றால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். அவர் மாதிரி எடுத்தால் அதை நான்கு பாகமாகப் பிரித்து முத்திரை வைப்பார். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். தரம் குறைந்தது என்று உறுதியானால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ஆய்வுக்கூடத்தில் என்ன பார்ப்பார்கள்? ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எச்.எம்.எஃப். என்ற பொருள் கிலோவுக்கு 80 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். தேனை அதிகம் சூடாக்கினாலோ நெடுநாள் வைத்திருந்தாலோ அது ஏறிவிடும். ஆன்டிபயாடிக் எச்சமும் பார்ப்பார்கள். கலப்படம் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம், தேனீ நாடும் பெரும்பாலான செடிகளின் விதத்திலிருந்து மாறுபட்டது. அதனால் அந்தச் சர்க்கரை கலந்தால் கார்பன் அளவீடு காட்டிக்கொடுக்கும். நெல்லோ தேனீ நாடும் செடிகளின் விதத்திலேயே கார்பனை எடுப்பதால் அரிசிப் பாகு அந்தச் சோதனையில் தப்பிவிடும். அதற்கென்றே தனி அடையாளச் சோதனைகளை விதியில் சேர்த்தார்கள். இன்னும் நுட்பமான என்.எம்.ஆர். சோதனை (காந்தப்புலத்தில் வைத்துத் தேனில் உள்ள பொருள்களை அடையாளம் காண்பது), அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் தேனுக்கு 2020 ஆகஸ்ட் முதல் கட்டாயம். உள்ளூரில் நாம் சாப்பிடும் தேனுக்கும் அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து.

மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் தேனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரப்பரின் புதுத் தளிரில், மூன்று இலைகளும் காம்போடு சேரும் இடத்தில், சின்னச் சுரப்பிகள் உண்டு. தேனீ உறிஞ்சுவது அங்கிருந்துதான், பூவிலிருந்து அல்ல. ஆகவே இந்தத் தேனில் மகரந்தம் குறைவு, ஈரம் அதிகம், பார்க்க நீர்த்தாற்போல் இருக்கும். அதை மட்டும் வைத்துக் கலப்படம் என்று பழி போட்டுவிடாதீர்கள். ஆனால் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் புளித்துப்போகும், விதிப்படியும் தேறாது. அடை முழுக்க மெழுகு மூடிய பிறகு எடுத்தால் ஈரம் குறையும். ஈரத்தை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சின்னக் கருவியின் கண்ணாடியில் ஒரு சொட்டை வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் தேனீப் பெட்டிக்குப் பக்கத்திலேயே அளவு தெரிந்துவிடும்.

சோதனைக்குக் கொடுக்கும் பாட்டில் திறக்காததாக இருக்கட்டும். பில்லையும், லேபிளில் உள்ள தொகுதி எண், உரிம எண்ணையும் பத்திரமாக வைத்திருங்கள்.