தாத்தாவின் கையெழுத்து ஏன் சிறுத்தது?

சென்ற மாதம் நான் படித்தவற்றில் மனத்தைவிட்டு அகலாதவை ஆறு நோட்டுப் புத்தகங்கள். அவற்றில் கதையும் இல்லை, கட்டுரையும் இல்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ‘ஸ்ரீராமஜெயம்’ மட்டுமே. மேற்கு மாம்பலத்திலிருந்து வந்த 71 வயதுப் பெரியவர் ஒருவர், தினமும் காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்து 108 முறை எழுதியவை. கல்லூரியில் படிக்கும் அவருடைய பேத்தி, மூன்று ஆண்டு நோட்டுகளிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒன்றாகப் பொறுக்கி எடுத்துத் துணிப்பையில் கொண்டுவந்திருந்தாள்.

முதல் நோட்டில் எழுத்துகள் உருண்டு திரண்டு, மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும் தொட்டு நின்றன. மூன்றாவது நோட்டில் மேல்கோடு விட்டுப்போயிருந்தது. ஆறாவதில், வரியின் தொடக்கத்தில் மிளகளவு இருந்த எழுத்து வரி முடிவதற்குள் கடுகளவாகிவிட்டது. நரம்பியல் படித்த எவரும் அந்தப் பக்கத்தைப் பார்த்த கணமே, உடல் அசைவுகளை மெல்ல மெல்ல மந்தமாக்கும் மூளை நோயான பார்க்கின்சனைச் சந்தேகிப்பார்கள். அவரை நடக்கச் சொன்னேன். இடது கை வீசவில்லை. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டித் தட்டி எடுக்கச் சொன்னேன். பத்தாவது தட்டுக்குள் விரல்கள் சோர்ந்துவிட்டன. சந்தேகம் உறுதியானது.

உடனே மகன் கேட்டார்: “அப்பாவுக்குக் கை நடுங்கவே இல்லையே டாக்டர். பிறகு எப்படி?”

அந்த மாதத்தில் அது நான்காவது முறை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். குடும்பத்தாரின் அனுமதி பெற்றிருக்கிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

கை நடுங்கினால் பார்க்கின்சன், நடுங்காவிட்டால் இல்லை. இந்த நம்பிக்கை எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பது ஒவ்வொரு நாளும் என் அறையில் தெரிகிறது. தயவுசெய்து பொறுமையாகக் கேளுங்கள். பார்க்கின்சன் நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத் தொடக்கத்தில் நடுக்கமே இருப்பதில்லை. அவர்களுக்கு முதலில் வருவது மந்தம். சட்டைப் பொத்தானைப் போட ஐந்து நிமிடம், சோபாவிலிருந்து எழ மூன்று முயற்சி, படுக்கையில் புரண்டு படுக்க ஒரு போராட்டம். மறுபக்கம், கை நடுங்குகிற எல்லோருக்கும் பார்க்கின்சன் இருப்பதும் இல்லை. காப்பி டம்ளரைத் தூக்கும்போதும் கையெழுத்துப் போடும்போதும் நடுங்கி, மடியில் வைத்ததும் அடங்கிவிடும் கை பெரும்பாலும் வேறு வகை. பல குடும்பங்களில் பரம்பரையாக வருவது. அவர்களுடைய எழுத்து கோணிக்கொண்டு பெரிதாக இருக்கும், சிறுக்காது. பார்க்கின்சன் நடுக்கமோ கை சும்மா இருக்கும்போது வரும். ஒரு வேலைக்காகக் கையை நீட்டினால் தணியும். இரண்டும் கிட்டத்தட்ட எதிரெதிர். டம்ளர் தளும்புகிறது என்று அலறிக்கொண்டு வருகிறீர்கள். ஓசையில்லாமல் மூன்று ஆண்டுகளாக மந்தமாகிக்கொண்டே போகிறவரை வீட்டிலேயே வைத்திருக்கிறீர்கள்.

இதில் உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெயரே தவறு. தமிழில் நடுக்குவாதம் என்கிறோம். 1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதிய சிறுநூலும் தலைப்பிலேயே நடுக்கத்தை வைத்திருந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு பாரிஸ் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ, இந்த நோயாளிகள் எல்லோருக்கும் நடுக்கம் இல்லை என்று சொல்லி அந்தப் பெயரை மறுத்தார். கண்டறிந்தவர் பெயராலேயே நோயை அழைக்கச் செய்தவரும் அவரே. அவர் சொல்லி எவ்வளவோ காலமாகிவிட்டது. நம் வீடுகளுக்குச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

பார்க்கின்சனின் அந்த நூலை மறுபடி எடுத்துப் படித்தேன். அவர் அதில் எழுதியது ஆறே ஆறு பேரைப் பற்றி. அவர்களில் இருவர் தெருவில் எதிர்ப்பட்டவர்கள். இன்னொருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி, பேசக்கூட வாய்க்கவில்லை. ஸ்கேன் இல்லாத, இரத்தப் பரிசோதனை இல்லாத காலம். போகிற மனிதரை நின்று பார்த்தார், எப்படிக் குனிந்து நடக்கிறார், எப்படிக் கால் முந்திக்கொள்கிறது என்று கவனித்தார். இன்றும் இந்த நோயை நாங்கள் பெரும்பாலும் அப்படித்தான் கண்டறிகிறோம். எம்.ஆர்.ஐ. எடுத்தோமே, அதில் எல்லாம் சரியாக இருந்ததே என்று கோப்பை நீட்டுகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். சாதாரண எம்.ஆர்.ஐ. வேறு காரணங்களை விலக்க உதவும். அது சரியாக இருப்பதால் பார்க்கின்சன் இல்லை என்று ஆகிவிடாது.

தெருவில் போகிற அந்நியரிடம் அவர் கண்டதை, ஒரே வீட்டில் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்காரும் நாம் ஏன் காண்பதில்லை? அன்பு குறைவு என்று நான் சொல்லமாட்டேன். தினமும் பார்ப்பதால்தான் தெரிவதில்லை. நேற்றைய அப்பாவுக்கும் இன்றைய அப்பாவுக்கும் வேறுபாடு கிடையாது. மூன்று ஆண்டுக்கு முந்தைய அப்பாவோடு ஒப்பிட யாரும் உட்காருவதில்லை. அமெரிக்காவிலிருந்து இரண்டு ஆண்டு கழித்து வரும் மகள் மீனம்பாக்கத்தில் இறங்கியதும், “அம்மா, அப்பா ஏன் இப்படி நடக்கிறார்?” என்று கேட்பதை எத்தனையோ குடும்பங்களில் கேட்டிருக்கிறேன்.

பழகிய கண்ணுக்குப் படிப்பும் துணைவராது. 2013-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வை அண்மையில் படித்தேன். அனுபவம் மிக்க 24 ரேடியாலஜிஸ்டுகளிடம் நுரையீரல் ஸ்கேன்களைக் கொடுத்து, புற்றுநோய்க் கட்டியாக இருக்கக்கூடிய சிறு முடிச்சுகளைத் தேடச் சொன்னார்கள். படத்தின் ஓரிடத்தில் ஒரு கொரில்லாவின் உருவத்தைச் செருகியிருந்தார்கள். வழக்கமான முடிச்சைப்போல 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைக் காணவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் பார்வை அந்த உருவத்தின் மேலேயே பட்டுச் சென்றதைக் கண்ணசைவைப் பதியும் கருவி காட்டியது. தேடுவது ஒன்றாக இருந்தால் கண்ணெதிரே உள்ள மற்றொன்று மறைந்துபோகும். நம் வீடுகளில் எல்லோரும் நடுக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பெரியவரின் வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். முதலில் இடது தோள்பட்டையில் வலி. தோள்மூட்டு இறுக்கம் என்று ஓராண்டு பிசியோதெரபி. இது அடிக்கடி நடப்பது, அந்தத் தோள் மருத்துவரைக் குறை சொல்லவில்லை. பிறகு குரல் தணிந்தது. “வாயைத் திறந்து பேசுங்கள்” என்று மனைவி அதட்டினார். பிறகு முகத்திலிருந்து உணர்ச்சி வடிந்தது. யார் வந்தாலும் சிரிப்பதில்லை, பேரனின் பிறந்தநாள் படங்களில் எல்லாம் கல்லாக உட்கார்ந்திருக்கிறார். நான் இதைச் சொல்லி, முகத் தசைகள் மந்தமாவதால் வருவது இது, மனத்தில் உள்ளது முகத்துக்கு வந்துசேர்வதில்லை என்று விளக்கியபோது, மருமகள் திடீரென்று அழ ஆரம்பித்துவிட்டார். “மாமாவுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன் டாக்டர்.”

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இந்த நோய் குடும்பங்களில் விளைவிக்கும் கேடுகளில் எனக்கு அதிகம் வலிப்பது இதுதான். சோம்பல் என்கிறோம், பிடிவாதம் என்கிறோம், ‘முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்’ என்கிறோம். அவரோ புன்னகைத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்.

வீட்டுப் பெண்களின் கைவேலையிலும் இது தெரியும். அம்மா வாசலில் போடும் கோலத்தைப் பாருங்கள். பத்து ஆண்டுகளாகப் பதினைந்து புள்ளி வைத்தவர் இப்போது ஏழில் நிறுத்துகிறாரா, இழை சுருங்குகிறதா? குனிய முடியவில்லை என்று மூட்டு மருத்துவரிடம் அழைத்துப் போகுமுன் இதை ஒரு வாரம் கவனியுங்கள். நடக்கும்போது ஒரு காலின் செருப்பு மட்டும் தன்னையறியாமல் கழன்று விழுகிறதா? வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று காசோலை திரும்பியதா? தூக்கத்தில் கத்திக்கொண்டு கையை வீசி, பக்கத்தில் படுத்திருப்பவரை உதைக்கிறாரா? கனவில் காண்பதை உடலால் நடித்துக்காட்டும் இந்தப் பழக்கம், நோய்க்குப் பல ஆண்டுகள் முன்பே வரக்கூடும். மலச்சிக்கலும் அப்படியே.

வாசனை தெரியாமல் போவதும் அப்படித்தான். அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்த நாற்றம் வீடு முழுக்க அடித்தும் பக்கத்திலேயே நிற்கிறவருக்குத் தெரியவில்லை என்றால் கவனம் சிதறியதாகத் திட்டாதீர்கள். (சளிக்குப் பிறகும் கொரோனாவுக்குப் பிறகும் இது வரலாம். ஒரு குறியை மட்டும் வைத்து யாரும் முடிவு கட்டவேண்டாம்.)

வாசனை என்றதும் ஜாய் மில்னைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த செவிலியர். கணவரின் உடல்வாடை மாறியிருப்பதை, அவருக்குப் பார்க்கின்சன் என்று தெரிவதற்குப் பத்தாண்டுக்கும் மேல் முன்பே உணர்ந்தவர். கணவரும் மருத்துவர்தான். சரியாகக் குளியுங்கள் என்று அவரோடு சண்டைகூடப் போட்டிருக்கிறார். பல காலம் கழித்து, நோயாளிகள் கூடும் கூட்டமொன்றில் அதே வாடையை மற்றவர்களிடமும் உணர்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 12 பேர் உடுத்திய டி-சட்டைகளை அவரிடம் கொடுத்தார்கள். ஆறு பேர் நோயாளிகள், ஆறு பேர் நோயற்றவர்கள். அவர் ஏழு பேருக்கு நோய் என்றார். ஒன்று தவறு என்றே எண்ணினார்கள். அந்த ஏழாமவருக்குச் சில மாதங்களில் பார்க்கின்சன் உறுதியானது. அத்தகைய மூக்கு நமக்கு வேண்டியதில்லை. கூட வாழ்பவரிடம் ‘ஏதோ மாறியிருக்கிறது’ என்று தோன்றியதே, அந்த எண்ணத்தைத் தள்ளிவிடாமல் இருந்தால் போதும்.

இனிக் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசவேண்டியிருக்கிறது. தலைசுற்றலுக்கு என்றோ ஒரு மருத்துவர் பத்து நாளுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை, அதே சீட்டை நீட்டி மருந்துக்கடையில் இரண்டு ஆண்டுகளாக வாங்கி விழுங்குகிறவர்கள் இந்த ஊரில் ஏராளம். சின்னரிசின், ஃப்ளூனரிசின் என்று அட்டையில் போட்டிருக்கிறதா பாருங்கள். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடும், சில மனநல மருந்துகளும் இப்படித்தான். இவை பார்க்கின்சன் போலவே மந்தத்தையும் நடுக்கத்தையும் உண்டாக்கும். மருந்தை மாற்றினால் பலருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் போங்கள். வரும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுவாருங்கள். ‘ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள் மாத்திரை’ என்றால் எங்களுக்கு எதுவும் புரியாது.

பார்க்கின்சன் என்று முடிவாகி, அதற்கான முக்கிய மருந்தான லெவோடோபாவைத் தொடங்கியவர்கள் அதைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. பருப்பும் பாலும் முட்டையும் சேர்ந்த வயிற்றில் அந்த மருந்து சரியாக ஏறாது. ஊருக்குப் போகிறோம், மருந்து தீர்ந்துவிட்டது, நான்கு நாள் பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது என்று படித்துவிட்டு அதன் பொடியையும் சேர்த்து விழுங்குகிறவர்கள், குறைந்தபட்சம் என்னிடம் மறைக்காதீர்கள். அளவு இரட்டிப்பாகி நள்ளிரவில் பிரமை பிடித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று. நான் இதுவரை சொன்னதெல்லாம் மெல்ல மெல்ல வருபவை. வாய் கோணுவதோ கை துவளுவதோ பேச்சுக் குழறுவதோ திடீரென நடந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள். மூளைக்குப் போகும் குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம்.

மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் நான் காலையில் நடப்பதுண்டு. அங்கே ஒருவரைப் பார்க்கிறேன். வலது கை வீசுவதில்லை, திரும்பும்போது சிலை திரும்புவதுபோல உடல் மொத்தமாகத் திரும்புகிறது. கேட்காதவரிடம் போய் நோயைச் சொல்வது முறையா என்று பல நாள் தயங்கினேன். பார்க்கின்சன் தெருவில் நிறுத்திப் பேசிய காலம் வேறு. ஒரு நாள் அவருடைய மனைவி கூட வந்திருந்தார். நான் மருத்துவர் என்று சொல்லிக்கொண்டு, ஐயாவின் தோள் வலிக்கிறதா என்று மட்டும் கேட்டேன். “ஆமாம், உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார். இருவரும் அந்த வாரமே வந்தார்கள்.

எல்லோருடைய பாதையிலும் நரம்பியல் மருத்துவர் நடந்துகொண்டிருக்கமாட்டார். உங்கள் அப்பாவை, அம்மாவை நீங்கள்தான் பார்க்கவேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்தாறு ஆண்டுக்கு முந்தைய ஒரு கல்யாண வீடியோவைப் போட்டு, அதில் அவர் நடந்து வருவதையும் சிரிப்பதையும் பாருங்கள். பிறகு கூடத்தில் நடந்து வரச் சொல்லிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் அழைத்து வாருங்கள். தனியார் மருத்துவருக்குச் செலவழிக்க வசதியில்லாதவர்கள் சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போகலாம். எங்கே போனாலும் அவருடைய பழைய கையெழுத்தையும் புதிய கையெழுத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்ரீராமஜெயம் நோட்டு, பழைய காசோலையின் அடிக்கட்டை, பால் கணக்கு எழுதிய காலண்டர், எதுவானாலும் சரி. தேதி இருந்தால் இன்னும் நல்லது.