ரோக்: போக்கிரியா, கள்வரா, கரவரா?

ஆங்கில–தமிழ் அகராதியைப் புரட்டினால் 'ரோக்' என்பதற்குப் போக்கிரி, அயோக்கியன் என்று பொருள் கிடைக்கும். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் ரோக் ஒரு பாத்திர வகை. அவரை அப்படி அழைத்தால் ஆளே மாறிப்போவார். போக்கிரி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தோள்பலம். ரோக்குக்கோ ஆறு திறன்களில் வலிமைதான் பெரும்பாலும் கடைசி.

சொல் 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தைச் சேர்ந்தது. ஊர் சுற்றும் பிச்சைக்காரர்களைக் குறிக்கத் திருடர்களின் குழூஉக்குறியில் வழங்கியது. 'இரத்தல்' என்னும் பொருளுள்ள லத்தீன் வினையோடு சிலர் இதை முடிச்சுப் போடுவார்கள்; உறுதியில்லை. ஆட்டத்திலும் ரோக்குக்கு முதல் நிலையிலேயே திருடர் குழூஉக்குறி தெரிந்திருக்கும் என்பது அழகான விதி. (ஆங்கிலத்தில் rogue என்பதன் இரண்டு எழுத்துகள் இடம் மாறி rouge என்றானால் இதே சொல் கன்னத்துக்குப் பூசும் சிவப்புச் சாயமாகிவிடும். பழைய ஆட்டக்காரர்களும் இந்த எழுத்துப் பிழைக்குத் தப்புவதில்லை.)

1974இல் வெளிவந்த முதல் ஆட்டத்தில் ரோக் கிடையாது. மறுஆண்டின் இணைப்பு நூலில் வந்தவர் பச்சையாகவே 'திருடர்'. 1989இன் இரண்டாம் பதிப்பு திருடரையும் பாணரையும் சேர்த்து ரோக் என்றொரு குழுவாக்கியது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் திருடர் என்ற பெயர் போய் ரோக் நிலைத்தது. பூட்டைத் திறப்பவர், ஒற்றர், பொறியைச் செயலிழக்கச் செய்பவர் எல்லாரும் திருடியே ஆக வேண்டும் என்பதில்லை அல்லவா?

எனவே தமிழ்ச்சொல்லை அகராதியில் தேடுவதைவிட, பாத்திரத்தின் திறன்களை எண்களாக எழுதிவைக்கும் பாத்திரத்தாளில் தேடுவது மேல். 2014இன் ஐந்தாம் பதிப்பு 15, 14, 13, 12, 10, 8 என ஆறு எண்களைத் தருகிறது, திறனுக்கு ஒன்றாக. ரோக்குக்கு 15 லாவகத்துக்கு. அதில் கேள்வியே இல்லை. 14 உடலுறுதிக்கு, 8 வலிமைக்கு. மிஞ்சியவற்றை வசீகரம், விவேகம், அறிவுத்திறன் மூன்றுக்கும் பங்கிடுவதில்தான் ரோக்குக்கு ரோக் வேறுபடுகிறார். மூன்றாம் பதிப்பில் நிலைக்கு நிலை கிடைக்கும் பயிற்சிப் புள்ளிகள் எட்டோடு அறிவுத்திறனின் கூட்டெண்ணையும் (திறனின் எண்ணிலிருந்து கிடைக்கும் சிறு எண்) சேர்த்தவை. அதனால் அறிவைக் குறைக்கக் கை வராது. ஐந்தாம் பதிப்பில் எல்லா ரோக்குக்கும் நான்கு பயிற்சிகள். அறிவு துணிந்து பலியிடப்படுகிறது.

லாவகம் 15 என்றால் கூட்டெண் 2. முதல் நிலைப் பயிற்சிக்கு இன்னொரு 2. இவற்றைப் பகடை எண்ணோடு கூட்ட வேண்டும். பூட்டின் கடினம் 15 என்றால் கூட்டுத்தொகை அதை எட்ட, இருபது முகப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும்: பாதிக்குப் பாதி. பூட்டுக் கருவிகளில் நிபுணத்துவம் எடுத்தால் பயிற்சிக் கூட்டெண் இரட்டிக்கும். 9 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும், வாய்ப்பு 60 விழுக்காடு. ஆனால் வழவழப்பான சுவரில் ஏற வலிமையைத்தான் கேட்பார்கள். அங்கே 8 வைத்தவர் திண்டாடுவார்.

சங்க நூலான மதுரைக்காஞ்சியின் நள்ளிரவுக் கள்வர்கள் இடுப்பில் மெல்லிய நூலேணியைச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள்: தொங்கவிட்ட வாள், தொடையில் செருகிய குறும்பிடிக் கத்தி, காலில் செருப்பு, நீலக் கச்சை. ரோக்கின் உடைமைப் பட்டியலே இதுதான். அதனால் 'கள்வர்' கைக்கெட்டும் சொல். ஆனால் 2000இல் கழற்றிவிட்ட திருட்டுப் பட்டத்தை அது மறுபடி ஒட்டவைக்கிறது. 'எத்தர்' என்றால் வசீகரத்துக்குப் பொருந்தும், லாவகத்துக்குப் பொருந்தாது.

நான் பரிந்துரைப்பது 'கரவர்'. கரத்தல் என்றால் மறைத்தல். கரவு என்றால் மறைப்பும் வஞ்சமும். "களவறிந்தார் நெஞ்சில் கரவு" என்று 288ஆம் குறள் களவையும் கரவையும் தனித்தனியே வைக்கிறது. பதுங்குதல், ஏமாற்றுதல் இரண்டு பயிற்சிகளும் இச்சொல்லுக்குள் அடங்கும்; ஆண்பால் பெண்பால் தொல்லையும் இல்லை. காட்டில் வேவு பார்க்கும் சாரணர் வகை ரோக்குக்கு மட்டும் இது அவ்வளவாக ஒட்டாது. அவரை 'ஒற்றர்' என்றே அழைக்கலாம்.