எரிகோவில் வென்ற படை ஆயியில் ஏன் ஓடியது?

யோசுவாவின் தலைமையில் இஸ்ரவேலர் எரிகோ பட்டணத்தைப் பிடித்ததைப் பிரசங்கிக்கும்போது 7 நாள், 13 சுற்று, ஆர்ப்பரிப்பு, மதில் விழுந்தது என்று முடித்துவிடுகிறோம். அடுத்த வாரமே ஒரு குடும்பம் வீட்டுமனையை ஏழு முறை சுற்றி ஜெபிக்கத் தொடங்கிவிடுகிறது. யோசுவா 6-ஆம் அதிகாரத்தோடு 5-ஐயும் 7-ஐயும் சேர்த்துப் படித்தவர்கள் இந்தப் பாடத்தைச் சொல்லித்தர மாட்டார்கள்.

5-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்து எதிரியின் மண்ணில், கில்காலில் பாளயமிறங்கியிருக்கிறார்கள். அங்கே ஆண்கள் எல்லாருக்கும் விருத்தசேதனம் (நுனித்தோலை நீக்கும் சடங்கு) செய்யச் சொல்கிறார் கர்த்தர். காயம் ஆறும்வரை படை பாளயத்தைவிட்டு அசையவில்லை. சீகேம் ஊரார் இதே நிலையில் கிடந்த மூன்றாம் நாளில்தான் யாக்கோபின் மகன்களான சிமியோனும் லேவியும் அவர்களை வெட்டிப்போட்டார்கள் (ஆதியாகமம் 34). அந்தக் கதை தெரிந்த ஜனங்கள்தான் இவர்கள். தெரிந்தும் கீழ்ப்படிந்தார்கள். மதிலைச் சுற்றியதைவிடக் கடினமான கீழ்ப்படிதல் இதுதான் என்பேன்.

எரிகோவில் சுற்றச் சொன்னதோடு இன்னொரு கட்டளையும் இருந்தது: கொள்ளையைத் தொடக்கூடாது, வெள்ளியும் பொன்னும் வெண்கல, இரும்புப் பாத்திரங்களும் கர்த்தரின் பொக்கிஷத்துக்குப் போகவேண்டும். ஆகான் என்ற இஸ்ரவேலன் அதை மீறி எடுத்தது ஒரு பாபிலோனிய சால்வை, 200 சேக்கல் வெள்ளி, 50 சேக்கல் எடையுள்ள ஒரு பொன்பாளம். இன்றைய கணக்கில் ஏறக்குறைய இரண்டேகால் கிலோ வெள்ளி, அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான பொன். கூடாரத்துக்குள் மண்ணில் புதைத்துவைத்தான். அடுத்துப் பிடிக்கவேண்டிய ஆயி பட்டணத்துக்கு வேவு பார்க்கப் போனவர்கள் இரண்டாயிரம், மூவாயிரம் பேர் போதும் என்றார்கள். கர்த்தரிடம் விசாரித்ததாக அங்கே ஒரு வரிகூட இல்லை. போன 3,000 பேரும் முறிந்தோடினார்கள். 36 பேர் செத்தார்கள். இரண்டாம் முறை முழுப் படையும் போனது, பட்டணத்துக்குப் பின்னால் பதிவிடை (ஒளிந்திருந்து தாக்கும் படை) வைத்தார்கள், ஆயியின் கொள்ளையையும் மிருகங்களையும் எடுத்துக்கொள்ளலாம் என்று கர்த்தரே அனுமதித்தார். ஆகான் ஒரு பட்டணம் பொறுத்திருந்தால் போதும்.

ஆயியை யாரும் சுற்றிவரவில்லை என்பதையும் கவனியுங்கள். தாவீதுக்கும் இப்படியே நடந்தது. ரெப்பாயீம் பள்ளத்தாக்கில் பெலிஸ்தர் முதலில் வந்தபோது தாவீது கர்த்தரிடம் விசாரித்தான், 'போ' என்று பதில். அதே எதிரி அதே இடத்துக்கு மறுபடி வந்தபோதும் தாவீது மறுபடி விசாரித்தான். இந்த முறை, 'நேராகப் போகாதே. பின்னாலே சுற்றி, முசுக்கட்டைச் செடிகளின் நுனிகளில் இரைச்சல் கேட்டதும் எழும்பு' என்று வேறு பதில் வந்தது (2 சாமுவேல் 5).

விசாரிக்காமல் பரிசுத்தமான பொருளை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கு 1 சாமுவேல் 4 இருக்கிறது. பெலிஸ்தரோடு நடந்த போரில் இஸ்ரவேலர் சுமார் 4,000 பேர் விழுந்த பிறகு மூப்பர்கள், 'கர்த்தர் இன்று நம்மை முறிய அடித்தது என்ன?' என்று கேட்டார்கள். சரியான கேள்வி. ஆனால் பதிலுக்குக் காத்திராமல் சீலோவிலிருந்து உடன்படிக்கைப் பெட்டியை எடுத்துவர ஆள் அனுப்பினார்கள். அடுத்து விழுந்தவர்கள் 30,000 பேர், பெட்டியும் பிடிபட்டது.

விசாரித்தும் தோற்ற படையும் உண்டு. நியாயாதிபதிகள் 20-இல் தங்களுள் ஒரு கோத்திரமான பென்யமீனுக்கு எதிராகத் திரண்ட இஸ்ரவேலர், 'யார் முந்திப் போகவேண்டும்?' என்று கேட்டார்கள். போகலாமா என்று கேட்கவில்லை. அதை அவர்களே முடிவு செய்துவிட்டிருந்தார்கள். யூதா முந்திப் போகட்டும் என்ற பதிலோடு போய் முதல் நாள் 22,000 பேரை இழந்தார்கள். அழுது, போகலாமா என்று கேட்டு, 'போங்கள்' என்ற பதிலோடு போயும் 18,000 பேரை இழந்தார்கள். உபவாசமிருந்து, பலி செலுத்தி, 'போகலாமா, நிறுத்திவிடலாமா' என்று கேட்ட பிறகே ஜெயம் கொடுப்பேன் என்ற வாக்கு வந்தது.

எனவே கீழ்ப்படிந்தவன் ஜெயிப்பான், தோற்றவன் கீழ்ப்படியாதவன் என்று கணக்குப் போடவே கூடாது. இரண்டாம் யெரொபெயாம் கர்த்தரின் பார்வைக்குப் பொல்லாப்பானதைச் செய்த ராஜா. அவனே ஆமாத்தின் எல்லையிலிருந்து உப்புக்கடல் வரை நாட்டை மீட்டான். இஸ்ரவேலின் உபத்திரவத்தைக் கர்த்தர் பார்த்தார் என்பதே 2 இராஜாக்கள் 14 சொல்லும் காரணம். வழக்கில் தோற்றுவந்த குடும்பத்திடம் 'உங்கள் வீட்டில் ஆகான் யார்?' என்று கேட்கும் ஊழியர்கள் இந்த அதிகாரத்தைப் படிக்கவேண்டும். யோசுவா 7-இலும் பாளயத்தில் பாவம் உண்டென்று யோசுவாவுக்குச் சொன்னவர் கர்த்தர். கோத்திரம், வம்சம், வீடு என்று ஒவ்வொன்றாகக் குறித்துக் காட்டியவரும் அவரே. அவர் சொல்வதற்கு முன் யோசுவா யார்மேலும் சந்தேகப்படவில்லை. சாயங்காலம்வரை பெட்டிக்கு முன்பாக முகங்குப்புற விழுந்து கிடந்தான்.