சப்ஜங்டிவ்: பெயரின் வேரும் தமிழில் ‘சார்புப்பாங்கும்’

ஸ்பானிய மொழியில் ‘சுப்ஹுந்திவோ’, ஆங்கிலத்தில் ‘சப்ஜங்டிவ்’. ஒரு செய்தியை ‘இது இப்படித்தான்’ என்று பேசுபவர் தம் பொறுப்பில் கூறாமல், விருப்பம், ஏவல், மறுப்பு, உணர்ச்சி போன்ற இன்னொன்றுக்குக் கீழே வைத்துப் பேசும்போது வினைச்சொல் எடுக்கும் வடிவம் இது. இதைத் தமிழில் எப்படி அழைப்பது, ஸ்பானியம் கற்கும் ஆங்கில மாணவர்களுக்கு எப்படி விளக்குவது என்று பார்ப்போம்.

கிரேக்க இலக்கணிகள் இதற்கு ‘கீழே அடுக்கப்பட்டது’ என்ற பொருளில் ‘ஹுப்போதக்திக்கே’ என்று பெயர் வைத்தார்கள். லத்தீன்காரர்கள் அதை அப்படியே தம் மொழியில் ஆக்கினார்கள்: ‘சுப்’ என்றால் கீழ், ‘யுங்கெரே’ என்றால் பூட்டுதல், இரண்டும் சேர்ந்து ‘சுப்யுங்க்திவுஸ்’. 1492இல் வெளிவந்த, இலக்கண அறிஞர் நெப்ரிஹாவின் ஸ்பானிய இலக்கணத்திலும் இந்தப் பெயர் உண்டு. ஆகவே, ஐயத்தைக் காட்டும் வடிவம் என்று பலர் விளக்கினாலும், பெயருக்குள் ஐயம் என்ற பொருளே கிடையாது. இருப்பது சார்பு மட்டும். ஆங்கிலம் பேசும் மாணவர்களுக்கு இதை விளக்கப் புகுபவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்.

‘சப்ஜங்டிவ் மூட்’ என்று இதனுடன் ஒட்டி வரும் ‘மூட்’ என்ற சொல்லும் வழிதவற வைக்கும். இலக்கணத்தில் அது ‘முறை’ என்று பொருள்படும் லத்தீன் ‘மோதுஸ்’ வழி வந்தது. மனநிலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வேறு, பிறப்பும் வேறு. ஒலி ஒன்றாகிவிட்டதால் பேசுபவரின் மன உணர்வைக் காட்டுவது போலத் தோன்றுகிறது. தமிழில் ‘மனநிலை’ என்று பெயர்த்தால் அந்தக் குழப்பம் இங்கும் வந்து சேரும். ‘பாங்கு’ என்பதே பொருந்தும்.

சரி, முழுப் பெயருக்குத் தமிழில் என்ன சொல்வது? ‘வியங்கோள்’ என்றால் ஒரு மூலைதான் அடங்கும். ‘விவா!’ என்பது ‘வாழ்க!’தான், ஐயமில்லை. ஆனால் நம் வியங்கோள் எல்லா இடத்துக்கும் பாலுக்கும் ஒரே வடிவில் நிற்கும். ஸ்பானிய வடிவமோ தன்மை, முன்னிலை, படர்க்கைக்கேற்ப ஈறு மாறும். ‘ஐயப்பாட்டு வினை’ என்று வைத்தால் பாதிக்கு மேல் வெளியே நின்றுவிடும். ‘சார்புப்பாங்கு’ என்பது மூலப் பெயரின் பொருளையும் வைத்திருக்கிறது, பயன்பாட்டுக்கும் ஒத்துவருகிறது. இதன் இணையான, செய்தியை நேராகக் கூறும் ‘இண்டிகேட்டிவ்’, கூற்றுப்பாங்கு.

ஆங்கில மாணவரிடம் ‘உங்கள் மொழியில் இல்லாத ஒன்று’ என்று தொடங்குவது தேவையற்ற அச்சம். ஆங்கிலத்தில் அது தேய்ந்து போயிருக்கிறது, மறைந்துவிடவில்லை. ‘ஐ இன்சிஸ்ட் தட் ஹி இஸ் ஹியர்’ என்றால் அவன் இங்கே இருக்கிறான் என்று அடித்துச் சொல்வது. ‘ஐ இன்சிஸ்ட் தட் ஹி பி ஹியர்’ என்றால் அவன் இருந்தாக வேண்டும் என்பது. ஸ்பானியத்திலும் அதே பிளவு: ‘இன்சிஸ்தோ என் கே எஸ்தா அகீ’, ‘இன்சிஸ்தோ என் கே எஸ்தே அகீ’. ஓர் உயிரெழுத்துதான் வேறுபாடு. இந்த இணையை முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதிவிடலாம்.

அடுத்த இணை நமக்கு இன்னும் நெருக்கமானது. ‘தீசே கே வியெனெஸ்’ என்றால், நீ வருவதாகச் சொல்கிறான். ‘தீசே கே வெங்காஸ்’ என்றால், உன்னை வரச் சொல்கிறான். ‘சொல்’ என்ற அதே வினை. முதலாவதில் செய்தி, இரண்டாவதில் ஏவல். தமிழ் இதை ‘வருவதாக’, ‘வர’ என்று பிரிக்கிறது, ஸ்பானியம் ஈற்றில் பிரிக்கிறது.

‘ஐயம் வந்தால் சப்ஜங்டிவ்’ என்ற விளக்கம் உடைவது ‘மே அலெக்ரா கே எஸ்தேஸ் அகீ’ என்ற வாக்கியத்தில்: நீ இங்கே இருப்பது எனக்கு மகிழ்ச்சி. எதிரில் நிற்பவரைப் பார்த்தே இதைச் சொல்கிறோம், அவர் இருப்பதில் ஐயம் எங்கே? இருப்பு இருவருக்கும் தெரிந்தது. சொல்லப்படும் செய்தி மகிழ்ச்சி மட்டுமே. தெரிந்ததைப் புதிதாகக் கூறாததால் வினை சார்புப்பாங்கில் நிற்கிறது. தமிழும் இங்கே ‘இருக்கிறாய்’ என்று முற்றாக முடிக்காமல் ‘இருப்பது’ என்று தொழிற்பெயராக்குவதைக் கவனியுங்கள்.

அமெரிக்க வகுப்புகளில் விருப்பம், உணர்ச்சி, ஆள் சுட்டாத் தொடர், பரிந்துரை, ஐயம், ‘ஒஹலா’ ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து ‘வியர்டோ’ என்று மனப்பாடம் செய்விப்பார்கள். (‘ஒஹலா’, ‘இறைவன் நாடினால்’ என்ற பொருளில் ஸ்பெயினில் வழங்கிய அரபியிலிருந்து வந்தது, அதன் பின்னால் சார்புப்பாங்கைத் தவிர வேறெதுவும் வராது.) தேர்வுக்கு முந்தைய இரவில் அந்தப் பட்டியல் உதவலாம். ஆனால் ஆள் சுட்டாத் தொடர் என்பதை நம்பி மாணவர் ‘எஸ் வெர்தாத் கே’, அதாவது ‘என்பது உண்மை’, என்பதற்குப் பின்னும் ‘வெங்கா’ என்று எழுதிவிடுவார். உண்மை என்று சொன்னபின் அது கூற்று, ‘வியெனே’தான் வரவேண்டும். முன்னால் ‘நோ’ சேர்த்தால் மட்டுமே ‘வெங்கா’.

வடிவம் அமைப்பது எளிது. நிகழ்காலத் தன்மை ஒருமையை எடுத்து, ஈற்று ‘ஓ’வை நீக்கி, எதிர் உயிரைச் சேர்க்க வேண்டும். ‘அப்லார்’ (பேசுதல்) வகைக்கு ‘ஏ’: அப்லோ, அப்லே. ‘கொமெர்’ (உண்ணுதல்), ‘விவிர்’ (வாழ்தல்) வகைகளுக்கு ‘ஆ’: கோமோ, கோமா. ‘தெங்கோ’ போன்ற கோணல் வினைகளும் ‘தெங்கா’ என்று இதற்குள் அடங்கிவிடும். அடங்காதவை ஆறு: தார், எஸ்தார், அபெர், இர், சபெர், செர். இவற்றுக்கு முறையே தே, எஸ்தே, ஆயா, வாயா, செபா, செயா. ‘உஸ்தெத்’ என்று மரியாதையாக விளித்து இடும் ஏவலும் இதே வடிவம் என்பதால், ஏவலை முதலில் கற்பித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எதிர்காலச் சார்புப்பாங்கு சட்ட நடையிலும் பழமொழிகளிலும் மட்டுமே எஞ்சியிருக்கிறது. தொடக்க மாணவர் அதைத் தாண்டிச் செல்லலாம்.

பிழை அதிகம் விளையும் இடம் ‘ஐ வான்ட் யூ டு கம்’. இதில் ‘தட்’ இல்லாததால் ‘கியெரோ தூ வெனிர்’ என்று எழுதிவிடுகிறார்கள். வேண்டுபவர் ஒருவர், வருபவர் வேறொருவர் என்றால் ‘தட்’டுக்கு இணையான ‘கே’ கட்டாயம்: ‘கியெரோ கே வெங்காஸ்’. இருவரும் ஒருவரே என்றால் ‘கியெரோ வெனிர்’ போதும். இதைத் திருத்த, ஆங்கில வாக்கியத்தையே முதலில் ‘ஐ வான்ட் தட் யூ கம்’ என்று உடைத்து எழுதச் சொல்வது நல்ல பலன் தரும்.

‘போது’ என்ற பொருள் தரும் ‘குவாந்தோ’வில் காலம் பார்க்க வேண்டும். வழக்கமாக வரும்போதெல்லாம் என்றால் ‘குவாந்தோ வியெனே’; இனிமேல் வரும்போது என்றால் ‘குவாந்தோ வெங்கா’. ‘சி’, அதாவது ‘ஆல்’ பொருள் தரும் சொல், நேர்மாறான பொறி. ஐயமாகத் தோன்றுவதால் ‘சி தெங்கா’ என்று எழுதத் தூண்டும், அது பிழை. நடக்கக்கூடியது என்றால் ‘சி தெங்கோ’. கையில் பணமில்லாமல் ‘பணம் இருந்தால் வாங்குவேன்’ என்றால் இறந்தகாலச் சார்புப்பாங்கு: ‘சி துவியெரா தினெரோ’. ‘துவியெரோன்’ என்ற இறந்தகாலப் பன்மையில் ‘ரோன்’ நீக்கி ‘ரா’ சேர்த்தால் இது கிடைக்கும். ஆங்கிலமும் இங்கே ‘இஃப் ஐ ஹேட்’ என்று இறந்தகாலத்துக்கே போவதால், மாணவர்கள் இதை விரைவில் பிடித்துக்கொள்வார்கள்.